கட்டுச்சோறு கட்டாத ஒட்டுண்ணி

ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் ஒட்டுண்ணி டிரைப்பனோசோமா ப்ரூசி. எலி ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அதை வெறும் உப்பு பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முதலில் வழக்கமான துள்ளல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் நெளிவு மந்தமாகி, உடல் ஒரே இடத்தில் கிடந்து நடுங்கும். பிறகு அதுவும் அடங்கிவிடும். பிஎச் சரி, உப்பின் செறிவு சரி, நஞ்சு எதுவும் கலக்கவில்லை. விட்டுப்போனது குளுக்கோஸ் மட்டும்தான்.

ஒட்டுண்ணிகளின் அமினோ அமில வளர்சிதை மாற்றத்தைப் படிக்க உட்காரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். பாடப்புத்தகம் நொதி நொதியாகப் பட்டியல் போட்டுக்கொண்டே போகும். தேர்வு முடிந்த மறுநாள் ஒன்றும் மண்டையில் நிற்காது. அதற்குப் பதில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த உயிரி இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே போகப் போகிறது? பந்தி நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பவன் கட்டுச்சோறு கட்டமாட்டான். வழியில் சத்திரம் இல்லை என்று தெரிந்தவன் கட்டுவான். எந்த அமினோ அமிலத்தை எரிக்கிறது, எதைச் சேர்த்து வைக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது. கல்ச்சரிலும் ஸ்லைடிலும் நடக்கும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

ரத்தத்தில் வாழும் ப்ரூசியிலிருந்தே தொடங்கலாம். மனித ரத்தத்தில் குளுக்கோஸ் எப்போதும் சுமார் 5 மில்லிமோலார் அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த நிலையில் கிளைகோஜன் இல்லை, ஸ்டார்ச் இல்லை, வேறு எந்தச் சர்க்கரைக் கிடங்கும் இல்லை. குளுக்கோஸை உடைக்கும் முதல் ஏழு நொதிகள் கிளைகோசோம் என்ற தனிப் பைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஓப்பர்டூஸும் போர்ஸ்ட்டும் 1977இல் காட்டியது இது. கடைசியில் வரும் பைருவேட்டை மேலே எரிக்காமல் அப்படியே வெளியே கொட்டிவிடுகிறது. ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்), அவ்வளவுதான். மைட்டோகாண்ட்ரியா பெயருக்கு இருக்கிறது, ஆனால் ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி எடுக்க உதவும் வழக்கமான சைட்டோகுரோம் தொடர் வேலை செய்வதில்லை. ஏடிபி தயாரிக்க வேண்டிய ஏடிபி சிந்தேஸ் நொதிகூடத் தலைகீழாக ஓடி, ஏடிபியைச் செலவழித்துச் சவ்வின் மின்னழுத்தத்தைக் காப்பாற்றுகிறது. ஊதாரிக் குடும்பம்தான். பக்கத்தில் வற்றாத ஊற்று இருக்கும்வரை ஊதாரித்தனத்தில் நஷ்டமில்லை.

இதனால் கையில் வரும் விளைவு: ரத்தத்திலிருந்து டிரைப்பனோசோமைப் பிரிக்க லேன்ஹாமும் காட்ஃப்ரேயும் 1970இல் சொன்ன டிஈஏஈ செல்லுலோஸ் முறையில், பஃபரில் லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸ் போடுவார்கள், பிஎச் 8.0. இந்த நேர்மின்னேற்றப் பொடியை ஒரு குழாயில் தூணாக அடைத்து ரத்தத்தை ஊற்றுவார்கள். சிவப்பணுக்களின் எதிர்மின்னேற்றம் அதிகம், அவை தூணில் ஒட்டிக்கொள்ளும்; டிரைப்பனோசோம் வழுக்கிக்கொண்டு கீழே வரும். 'பிஎச்சும் உப்பும்தான் முக்கியம், சர்க்கரை எதற்கு' என்று சாதாரண பாஸ்பேட் பஃபரை ஊற்றினால், தூணிலிருந்து இறங்குவதற்குள் பாதி செத்திருக்கும். பிரித்த பிறகு ஐஸில் வைப்பதும் அழகுக்காக இல்லை. குளிரில் சர்க்கரைச் செலவு குறைகிறது.

கல்ச்சரிலும் இதே கதை. எச்எம்ஐ-9 மீடியத்தில் ரத்த நிலை ப்ரூசி சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மில்லிக்கு 20 லட்சம் செல்லைத் தாண்ட விடக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலை 'திங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று மில்லிக்கு ஒரு லட்சத்தில் விட்டுப்போனால், கணக்கு போட்டுப் பாருங்கள்: 24 மணி நேரத்தில் நான்கு இரட்டிப்பு, அதாவது 16 லட்சம். சனி இரவுக்குள் எல்லை தாண்டிவிடும். ஞாயிறு மீடியம் மஞ்சளாகியிருக்கும். கொட்டிய பைருவேட்டும் அமிலமும் ஒரு பக்கம், தீர்ந்துபோன சத்து ஒரு பக்கம். திங்களன்று குழாயில் இருப்பது குப்பை. வார இறுதிக்கு மில்லிக்கு ஆயிரத்துக்கும் கீழே நீர்த்து, இரண்டு மூன்று நீர்ப்புகளை வரிசையாக வைத்துவிட்டுப் போவதுதான் பிழைக்கும் வழி.

அந்த மீடியத்தில் ஒரு அமினோ அமிலம் உயிர்நாடி: சிஸ்டீன், 1.5 மில்லிமோலார். இது எரிபொருள் இல்லை, கந்தகத்துக்காக. ஆக்சிஜன் பட்டால் இரண்டு சிஸ்டீன் கைகோத்துச் சிஸ்டின் ஆகிவிடும்; ரத்த நிலை ப்ரூசியால் அதை உள்ளே எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் 0.2 மில்லிமோலார் பீட்டா மெர்காப்டோஎத்தனாலும், செம்பைப் பிடித்துவைக்க பாத்தோகுப்ரோயினும் சேர்க்கிறார்கள். ஆக்சிஜனேற்றத்தை விரட்டுவது அந்தச் செம்புதான். செல் வளரவில்லை என்றதும் எல்லோரும் சீரத்தின்மேல் பழி போடுவார்கள். முதலில் மீடியம் பாட்டிலில் எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள்.

இதே உயிரி தன்னைப் பரப்பும் செட்சி ஈயின் வயிற்றுக்குள் போனதும் ஆளே மாறிவிடுகிறது. ஈ குடித்த ரத்தத்தின் குளுக்கோஸ் சீக்கிரம் காலி. ஆனால் அந்த ஈயிடம் வேறொரு பண்டம் தாராளமாக இருக்கிறது, புரோலின். செட்சி ஈ பறப்பதற்கே சர்க்கரையை நம்பாமல் புரோலினை எரிக்கும் பூச்சி: பறக்கும் தசையில் புரோலின் அலனினாகும், கொழுப்புத் திசுவில் அலனின் மறுபடி புரோலினாகித் திரும்பும். உள்ளே குடியேறிய ஒட்டுண்ணியும் வீட்டுக்காரர் சாப்பாட்டையே சாப்பிடப் பழகிக்கொண்டது.

வழி இதுதான். புரோலின் டிஹைட்ரஜனேஸ் முதல் படியில் இரண்டு எலக்ட்ரானை உருவி மைட்டோகாண்ட்ரிய சுவாசத் தொடருக்கு அனுப்புகிறது. அடுத்த நொதி அதை குளூட்டமேட்டாக்கி, எலக்ட்ரான் சுமக்கும் ஒரு என்ஏடிஎச் தருகிறது. பிறகு குளூட்டமேட்டின் அமினோ பகுதி பைருவேட்டுக்குக் கைமாறுகிறது: ஒரு பக்கம் அலனின், மறுபக்கம் ஆக்ஸோகுளூட்டரேட். அந்த ஆக்ஸோகுளூட்டரேட் சக்சினைல் கோஏ வழியாக சக்சினேட் ஆகும்போது ஒரு ஏடிபி நேரடியாகக் கிடைக்கிறது. வெளியே கொட்டுவது அலனினும் சக்சினேட்டும். ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். நைட்ரஜனை அம்மோனியாவாக விடாமல் அலனின்மேல் ஏற்றி அனுப்புகிறது. ஈயின் கொழுப்புத் திசுவுக்கு வேண்டியதும் அலனின்தான்.

இதை ஆய்வுக்கூடத்தில் காட்டப் போனால் பெரும்பாலோர் முதல் தடவை தோற்பார்கள். காரணம், ஈ நிலை செல்லும் குளுக்கோஸ் கிடைத்தால் அதையே முதலில் தின்னும். அப்போது புரோலின் செலவு குறைந்துவிடும். குளுக்கோஸை எடுத்துவிட்டால்தான் புரோலின் செலவு பல மடங்கு ஏறும். வழக்கமான எஸ்டிஎம்-79 மீடியத்தில் சுமார் 10 மில்லிமோலார் குளுக்கோஸும் 5 மில்லிமோலார் புரோலினும் இருக்கின்றன. அதில் வளர்த்துவிட்டு 'புரோலின் டிஹைட்ரஜனேஸை முடக்கினேன், ஒன்றும் ஆகவில்லையே' என்றால், ஆகாதுதான். அது சர்க்கரையில் சொகுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. குளுக்கோஸ் இல்லாத மீடியத்தில் அதே முடக்கம் உயிரை எடுக்கும்.

அடுத்த பொறி சீரம். பொடியில் குளுக்கோஸ் சேர்க்கவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு, 10 சதவீதம் கன்றுச் சீரத்தை ஊற்றுவார்கள். சீரமும் ரத்தத்திலிருந்து வந்ததுதானே? அது கொண்டுவரும் குளுக்கோஸ் அரை மில்லிமோலார் அளவுக்கு இருக்கும், செல்லுக்கு அதுவே தாராளம். டயலிசிஸ் செய்த (சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகளை வடித்தெடுத்த) சீரம் வாங்குங்கள், அல்லது 50 மில்லிமோலார் என்-அசிட்டைல் குளுக்கோசமின் சேருங்கள்; அது குளுக்கோஸ் உள்ளே நுழையும் வழியை அடைத்துக்கொள்ளும். இரண்டையும் செய்வது இன்னும் நல்லது. வெப்பம் 27 டிகிரி. 37இல் வைக்கும் இன்குபேட்டருக்குள் தவறிப்போய் வைத்துவிடாதீர்கள். ரத்த நிலையை நீர்க்கிறோமே என்று இதையும் ஆயிரத்துக்கு நீர்த்தால் தலையெடுக்காது. ஈ நிலையை மில்லிக்கு ஐந்து முதல் பத்து லட்சத்துக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. மேலே ஒரு கோடி வரை தாராளமாகத் தாங்கும்.

திரியோனினும் இங்கே எரிகிறது, ஆனால் வேறு காரியத்துக்கு. அது கிளைசினாகவும் அசிட்டைல் கோஏவாகவும் உடைந்து, பின்னது அசிட்டேட்டாக மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியேறிக் கொழுப்பமிலம் கட்டப் போகிறது. விறகுக்கு ஒரு அமினோ அமிலம், வீடு கட்டச் செங்கல்லுக்கு ஒன்று.

நம் நாட்டில் மாடு, குதிரை, ஒட்டகம், நாய்க்கு 'சர்ரா' நோயைக் கொண்டுவரும் டிரைப்பனோசோமா எவான்சி இதற்கு நல்ல எதிர்ச்சாட்சி. கிரிஃபித் எவான்ஸ் 1880இல் பஞ்சாபில் குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்டது. இது ப்ரூசியின் பங்காளிதான், ஆனால் செட்சி ஈ இல்லாத நாடுகளுக்குப் பரவிவிட்டது. குதிரை ஈ போன்ற கடி ஈக்களின் வாயில் ஒட்டிக்கொண்டு அப்படியே அடுத்த விலங்குக்குத் தாவுகிறது. ஈக்குள் வளர வேண்டிய கட்டமே கிடையாது. அதன் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் சுவாசத் தொடருக்கான பெரிய வளையங்கள் தொலைந்துபோய்விட்டன. புரோலினில் வாழும் நிலைக்கு அதனால் இனித் திரும்பவே முடியாது. போகாத ஊருக்கு வழி எதற்கு என்று மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டது. எவான்சியை ஈ நிலைக்கு மாற்றிக் கல்ச்சர் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள்.

இனி அர்ஜினின். இந்த ஒரு அமினோ அமிலத்தை இரண்டு ஒட்டுண்ணிகள் எப்படி நேர்மாறாகக் கையாளுகின்றன என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பகுதி.

தென் அமெரிக்காவில் சாகஸ் நோயைத் தரும் டிரைப்பனோசோமா க்ரூசி அர்ஜினினைப் பூட்டி வைக்கிறது. ஏடிபி மிச்சமிருக்கும்போது அதன் பாஸ்பேட்டை அர்ஜினின்மேல் ஏற்றி பாஸ்போஅர்ஜினினாக வைத்துக்கொள்ளும். முட்டுப்பாடு வந்தால் திருப்பி எடுத்து ஏடிபியாக்கும். நம் தசையில் கிரியேட்டின் பாஸ்பேட் செய்யும் அதே வேலை. இது குதிரில் கொட்டிய நெல் இல்லை. இடுப்பில் முடிந்துவைத்த சில்லறை. வெகுநாள் வராது, ஆனால் சட்டென்று கைக்கு வரும். பூச்சிக் குடலிலிருந்து மனிதச் செல்லுக்கு, அமிலத்திலிருந்து காரத்துக்கு என்று திடீர்த் திடீரென்று இடம் மாறும் உயிரிக்கு அதுதான் வேண்டும். இதைச் செய்யும் அர்ஜினின் கைனேஸ் க்ரூசியில் இருப்பதை 2000ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவிலிருந்து அறிவித்தார்கள். எடை சுமார் 40 கிலோடால்டன். மனிதனில் இந்த நொதியே கிடையாது, அதனால் மருந்துக்கு ஏற்ற குறி என்று எழுதாத கட்டுரை இல்லை. இறாலிலும் பூச்சிகளிலும் இதுதான் உண்டு. இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும் சிலருக்கு ஒவ்வாமை தரும் புரதங்களில் ஒன்று இதே அர்ஜினின் கைனேஸ்தான். க்ரூசியால் அர்ஜினினைத் தானே உண்டாக்க முடியாது. முழுக்க வெளியிலிருந்து இழுக்க வேண்டும். அதனால் மீடியத்தில் அர்ஜினின் குறைந்தால் சில்லறைப் பையும் சேர்ந்து வற்றும்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. பாஸ்போஅர்ஜினின் அமிலத்தில் உடையும். செல்லைப் பெர்குளோரிக் அமிலத்தில் கொன்று சாறு எடுப்பது வழக்கம். அதை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அளவு விழுந்திருக்கும். எல்லாம் ஐஸில், எடுத்த கையோடு பொட்டாசியம் கார்பனேட்டால் நடுநிலையாக்கி, மையச்சுழற்றியில் உப்பைப் படியவிட்டு, அன்றே அளந்துவிட வேண்டும். செல்லைச் சேகரிக்கும் நேரமும் கணக்கில் வரும். பதினைந்து நிமிடம் பட்டினியில் சுற்றினால் அதற்குள் அது முடிச்சை அவிழ்த்துச் செலவழிக்கத் தொடங்கிவிடும்.

க்ரூசியின் இன்னொரு பழக்கமும் இங்கே பொருந்தும். கல்ச்சரில் முதலில் குளுக்கோஸைத் தின்று, அது தீர்ந்த பிறகு அமினோ அமிலங்களுக்கு இறங்கும். முன்பாதியில் மீடியம் அமிலப் பக்கம் சாயும். பின்பாதியில் அம்மோனியா வெளிவரும். எந்த நாளில் செல் எடுத்தீர்கள் என்று எழுதாத அளவீடு எதற்கும் உதவாது. ஹிஸ்டிடினையும் நான்கு படியில் குளூட்டமேட்டாக்கி எரிக்கும் வித்தை க்ரூசியிடம் உண்டு. ப்ரூசிக்கு அது தெரியாது.

பாஸ்பேட்டுக்கு இன்னொரு பெட்டகமும் இந்தக் குடும்பத்தில் இருக்கிறது: அசிடோகால்சிசோம். பழைய ஆட்கள் வொலுட்டின் துகள் என்றார்கள். பாஸ்பேட்டைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து (பாலிபாஸ்பேட்), கால்சியத்தோடு அமிலப் பைக்குள் அடைத்து வைத்திருக்கும். அர்ஜினின், லைசின் போன்ற அமினோ அமிலங்களும் அதே பைக்குள் உண்டு. டாப்பி என்ற ஒளிரும் சாயத்தில் டிஎன்ஏ நீலமாகத் தெரியும், பாலிபாஸ்பேட்டோடு சேர்ந்த டாப்பி மஞ்சள் பக்கம், 525 நானோமீட்டர் சுற்றில் ஒளிரும். சாயம் வழக்கத்தைவிடச் செறிவாக வேண்டும், நீல ஃபில்டரிலேயே தேடினால் கண்ணில் படாது. மஞ்சள் தெரிந்ததெல்லாம் பாலிபாஸ்பேட் என்றும் நம்பிவிட வேண்டாம், ஆர்என்ஏவும் கொஞ்சம் அப்படி ஏமாற்றும். பாலிபாஸ்பேட்டை உடைக்கும் நொதியால் ஒரு ஸ்லைடைக் கழுவிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தீர்ப்பு.

க்ரூசி பூட்டி வைக்கும் அதே அர்ஜினினை, குடலில் வாழ்ந்து வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா அடுப்பில் போடுகிறது. மூன்றே படி. அர்ஜினின் டிஅமினேஸ் ஒரு அம்மோனியாவைக் கழற்றிச் சிட்ருலின் ஆக்கும். அடுத்த நொதி சிட்ருலினைப் பாஸ்பேட்டோடு உடைத்து ஆர்னிதினும் கார்பமாயில் பாஸ்பேட்டும் தரும். கடைசியில் கார்பமேட் கைனேஸ் அந்தப் பாஸ்பேட்டை ஏடிபி ஆக்கும். மிச்சம் இன்னொரு அம்மோனியாவும் கார்பன் டைஆக்சைடும். ஒரு அர்ஜினினுக்கு ஒரு ஏடிபி. ஆக்சிஜன் வேண்டாம், மைட்டோகாண்ட்ரியா வேண்டாம். இரண்டும் இல்லாத ஜியார்டியாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? மிஞ்சிய ஆர்னிதினை வெளியே தள்ளும்போதே ஒரு அர்ஜினினை உள்ளே இழுத்துக்கொள்கிறது, காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்குவதுபோல. கல்ச்சர் தொடங்கியதும் வேகமாகக் கரைவது அர்ஜினின்தான். குளுக்கோஸ் சேர்க்காத மீடியத்திலும் ஜியார்டியா வளரும். குடலின் சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்க நம்பியிருப்பதும் இதே அர்ஜினினை. ஒட்டுண்ணி அதைத் தின்று தீர்ப்பதால் தனக்கு எரிபொருளும் ஆயிற்று, எதிராளியின் ஆயுதமும் குறைந்தது.

வளர்ப்பவர்களுக்கு: டிஒய்ஐ-எஸ்-33 மீடியம், கீஸ்டர் 1983இல் பித்தம் சேர்த்துத் திருத்திய வடிவம். லிட்டருக்கு கேசின் செரிமானப் பொடி 20 கிராம், ஈஸ்ட் சாறு 10, குளுக்கோஸ் 10, சிஸ்டீன் 2, அஸ்கார்பிக் அமிலம் 0.2, மாட்டுப் பித்தம் அரை முதல் ஒரு கிராம். மேலே 10 சதவீதம் சீரம், பிஎச் 7.0 முதல் 7.2. திருகுமூடிக் கண்ணாடிக் குழாயைக் கழுத்துவரை நிரப்பிச் சாய்த்து 37 டிகிரியில் வையுங்கள். மேலே காற்றுக்கு இடம் விட்டால் ஆக்சிஜன் கொன்றுவிடும். மூன்றாம் நாள் கண்ணாடியில் பாசிபோல் படர்ந்திருக்கும். எடுக்க உரசாதீர்கள், குழாயை ஐஸில் 10-15 நிமிடம் நட்டுவைத்து நாலைந்து முறை கவிழ்த்தால் தானே கழன்று வரும். அர்ஜினின் செலவை அளக்க வேண்டுமானால் இந்த மீடியம் உதவாது. கேசின் பொடியும் ஈஸ்ட் சாறும் கொண்டுவரும் அர்ஜினினில் உங்கள் வித்தியாசம் மூழ்கிவிடும். மீடியத்தில் எவ்வளவு போனது என்று தேடாமல், ஆர்னிதின் எவ்வளவு வந்தது என்று அளப்பது புத்திசாலித்தனம்.

பிறப்புறுப்புப் பாதையில் தொற்றும் டிரைக்கோமோனஸ் வஜைனாலிஸும் இதே மூன்று படியை வைத்திருக்கிறது. ஆர்னிதினை மேலும் உடைத்துப் புட்ரெசின் ஆக்கி வெளியே விடும். அதற்குள் அடிக்கடி குடியிருக்கும் மைகோபிளாஸ்மா ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவும் அர்ஜினின் தின்னிதான், ஒரே சட்டியில் இரண்டு கரண்டி. மருத்துவமனை லேபில் வெள்ளைப்படுதல் மாதிரியில் 10 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன் கவிச்சை அடிப்பதற்கு இப்படிப்பட்ட அமின்களே காரணம். அந்த வாடை யோனியில் பாக்டீரியாக்களின் சமநிலை குலையும் பாக்டீரியல் வஜைனோசிஸிலும் வரும், அதனால் வாடையை மட்டும் வைத்து டிரைக்கோமோனஸ் என்று எழுதிவிடக்கூடாது. ஈர ஸ்லைடில் துள்ளும் உயிரியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். மாதிரி ஆறிப்போனால் துள்ளல் நின்றுவிடும், எடுத்த பத்து நிமிடத்துக்குள் பாருங்கள்.

இப்போது உண்மையான கட்டுச்சோற்றுக்கு வருவோம். குடலை விட்டு மலத்தோடு வெளியேறி, மண்ணிலும் தண்ணீரிலும் கிடந்து, அடுத்த வாயைத் தேடும் அமீபா சிஸ்டுக்கு (ஓடு போர்த்திய உறக்க நிலைக்கு) வழியில் யாரும் சோறு போடமாட்டார்கள். அதனால் ஓடு கட்டுமுன் கிளைகோஜனை மூட்டையாகக் கட்டிக்கொள்கிறது. இதைப் பார்க்க நவீனக் கருவி எதுவும் வேண்டாம், லுகோல் அயோடின் போதும்.

தயாரிப்பு: பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், அயோடின் 1 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி. முதலில் அயோடைடை மட்டும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் அயோடின் பொடியைப் போட்டுக் கரைந்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் அயோடின் அடியில் மணலாகத் தங்கிவிடும். வெறும் தண்ணீரில் அது கரையாது. நிறம் நல்ல கட்டஞ்சாயா அளவுக்கு இருக்க வேண்டும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், இறுகிய மூடி. வெளுத்துப்போன கரைசலை வைத்து 'கிளைகோஜன் இல்லை' என்று முடிவு கட்டுவது தினசரி நடக்கும் தவறு.

ஸ்லைடின் இடது பக்கம் ஒரு சொட்டு உப்புநீர், வலது பக்கம் ஒரு சொட்டு அயோடின். தீக்குச்சி முனையளவு மலத்தை, சுமார் 2 மில்லிகிராம், முதலில் உப்புநீரிலும் பிறகு அயோடினிலும் குழையுங்கள். வரிசையை மாற்றினால் அயோடின் குச்சியோடு இடப்பக்கம் போய், நகர்ந்து திரியும் டிரோபோசோயிட்டை (ஓடு கட்டாத நிலையை) கொன்றுவிடும். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்கள். கீழே செய்தித்தாள் வைத்தால் எழுத்து படிக்க வேண்டும். படிக்க முடியாத தடிப்பில் எந்த சிஸ்டும் தெரியாது. பத்து மடங்கு லென்ஸில் தேடி நாற்பதில் பாருங்கள், கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி.

சீதபேதி தரும் என்டமீபா ஹிஸ்டாலிடிகாவின் இளம் சிஸ்ட் 10 முதல் 15 மைக்ரான். ஒன்று அல்லது இரண்டு உட்கரு, பக்கத்தில் ஓரம் மங்கலான செம்பழுப்புத் திட்டு. அந்தத் திட்டுதான் கிளைகோஜன். சிஸ்ட் முற்றி நான்கு உட்கரு வரும்போது திட்டு கரைந்துபோயிருக்கும். ஓட்டின் கைட்டின் கட்டுவதற்கும் இந்தக் கிளைகோஜனிலிருந்தே சர்க்கரை எடுக்கப்படுகிறது. ஆகவே திட்டு இல்லையே என்று முற்றிய சிஸ்டைக் கழித்துவிடாதீர்கள். நோய் தராத பங்காளியான என்டமீபா கோலையின் இரண்டு உட்கரு இளம் சிஸ்டில் மூட்டை இன்னும் பெரிது, உட்கரு இரண்டையும் இரு ஓரத்துக்கும் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும். அயோடமீபா இருக்கிறதே, அதன் பெயரே இந்தச் சாயத்திலிருந்து வந்தது: ஒரே உட்கரு, பக்கத்தில் கரை வெட்டினாற்போல் தெளிவான அடர்பழுப்பு உருண்டை. ஒருமுறை பார்த்தால் மறக்காது. நோய் தராது, மருந்தும் வேண்டாம்.

ஏமாற்றுபவை இரண்டு. சோறு, உருளைக்கிழங்கு சாப்பிட்டவர் மலத்தில் செரிக்காத ஸ்டார்ச் துகள் கிடக்கும். அது நீலம் அல்லது கருநீலமாக மாறும், கிளைகோஜன் பழுப்பாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்தே பிரிக்கலாம். ஈஸ்ட் அப்படியில்லை, அதற்குள்ளும் கிளைகோஜன்தான், அதுவும் பழுப்பாகும். அளவையும் மொட்டு விட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் விலக்க வேண்டும். நிரந்தரச் சாயமான டிரைக்ரோமில் போட்டால் கிளைகோஜன் கரைந்துபோய் வெறும் குழி தெரியும். ஃபார்மலினில் வெகுநாள் கிடந்த மாதிரியிலும் இந்தத் திட்டை எதிர்பார்க்க வேண்டாம். மூட்டை இருந்த இடம் தெரியும், சோறு இருக்காது.

செல்லுக்குள் வாழும் இன்னொரு ஒட்டுண்ணியான டாக்ஸோபிளாஸ்மா கட்டும் சோறு தாவர ஜாதி: ஸ்டார்ச் வகையான அமைலோபெக்டின். செல்லுக்குள் வேகமாகப் பெருகும் டாக்கிசோயிட் நிலையில் இது அரிது. தசையிலும் மூளையிலும் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் பிராடிசோயிட் நிலையில் துகள் துகளாக நிறைந்திருக்கும். பிஏஎஸ் சாயத்தில் செந்நிறமாகத் தெரியும். பெரியாடிக் அமிலத்தில் 5-10 நிமிடம், ஷிஃப் கரைசலில் 15 நிமிடம், ஓடும் தண்ணீரில் 10 நிமிடம். பக்கத்து ஸ்லைடை முதலில் ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியான டயாஸ்டேஸில் 37 டிகிரியில் ஊறவிட்டு அதே சாயம் போடுங்கள். சிவப்பு மறைந்தால்தான் அது சேமிப்புச் சர்க்கரை. டயாஸ்டேஸ் கைவசம் இல்லாத காலத்தில் எச்சிலையே ஊற்றி வேலையை முடித்தார்கள், அதுவும் அமைலேஸ்தானே. குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்திய திசுவுக்கு இது ஆகாது. மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு ஷிஃப்போடு சேர்ந்து ஸ்லைடு முழுக்கச் சிவக்கும். சேமிப்பு கூடினாலும் ஆபத்துதான்: துகளை உடைக்கச் சொல்லி உத்தரவிடும் ஒரு கைனேஸை நீக்கினால், பிராடிசோயிட் ஸ்டார்ச்சால் உப்பிச் செத்துப்போகிறது.

காலா அசார் நோயைத் தரும் லீஷ்மேனியாவின் முதல் பக்கத்தில் சென்னைக்கு இடமுண்டு. சார்லஸ் டோனவன் மதராஸ் பொது மருத்துவமனையில் 1903இல் மண்ணீரலுக்குள் கண்ட உருண்டைகளால்தான் லீஷ்மேனியா டோனவானிக்கு அந்தப் பாதிப் பெயர் வந்தது. அந்த உருண்டைகள் உட்கார்ந்திருப்பது கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் செரிமானப் பைக்குள், பிஎச் சுமார் 5. சர்க்கரை அரிது, அமினோ அமிலமும் கொழுப்பமிலமும் உண்டு. அதனால் குளுக்கோஸைத் தலைகீழ்ப் பாதையில் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சேமிப்பும் விசித்திரம்: கிளைகோஜனும் இல்லை ஸ்டார்ச்சும் இல்லை, மானோஸைக் கோத்த மானோஜன். அயோடினை ஊற்றிக் காத்திருந்தால் ஒன்றும் தெரியாது.

மலேரியா ஒட்டுண்ணியும் சிவப்பணுவுக்குள் இருக்கும்வரை கட்டுச்சோறு கட்டாத கூட்டம்தான். அது ஹீமோகுளோபின் கிடங்கின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது; அதில் பெரும்பகுதியை உடைத்தும் கிடைக்கும் அமினோ அமிலத்தில் கொஞ்சம்தான் தன் புரதத்துக்கு எடுத்துக்கொள்கிறது, மிச்சம் வெளியே. அந்தக் கிடங்கில் ஒரே ஒரு சரக்கு இல்லை. வயது வந்தோர் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் கிடையாது. அதை மட்டும் பிளாஸ்மாவிலிருந்து, கல்ச்சரில் என்றால் மீடியத்திலிருந்து இழுத்தாக வேண்டும். ஆர்பிஎம்ஐ 1640 மீடியத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்கிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்து 'ஐசோலூசின் இல்லாமலும் வளர்கிறதே' என்று வியக்க வேண்டாம், கரு ஹீமோகுளோபினின் காமா சங்கிலியில் ஐசோலூசின் உண்டு. ஐசோலூசினை எடுத்துவிட்டால் மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரம் உடனே சாவதில்லை. வளர்ச்சியை மெள்ள மெள்ள நிறுத்தி, உறங்குவதுபோல் கிடக்கிறது. ஸ்மியரில் (ஸ்லைடில் பூசிய ரத்தத்தில்) பார்த்தால் எல்லாம் ஒரே கட்டத்தில் தேங்கி நிற்கும். செத்த கல்ச்சர் என்று ஊற்றிவிடத் தோன்றும். ஊற்றுமுன் ஐசோலூசினைச் சேர்த்து இரண்டு நாள் வையுங்கள், தினமும் ஒரு ஸ்மியர் எடுங்கள். தேங்கி நின்றவை மறுபடி சைசாண்ட்டாக (பிளந்து பெருகும் முதிர்ந்த நிலையாக) முதிர்ந்து, புது வளையங்கள் (இளம் ஒட்டுண்ணிகள்) தலைகாட்டுகின்றனவா என்று தேடுங்கள்.